லாபம், ரெண்டு, மூணு

குத்துச்சண்டை நடுவருக்கு நண்பர்கள் கிடையாது என்று சொல்வார்கள். அது பொய். எனக்கு நிறைய நண்பர்கள் உண்டு. ஆட்டம் நடக்கிற அன்றைக்கு மட்டும் அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியாது, அவ்வளவுதான்.

தொழிலால் நான் விவசாயி. பாலக்காட்டுக்குக் கிழக்கே, இன்னும் கொஞ்சம் போனால் பொள்ளாச்சி வந்துவிடும் என்கிற இடத்தில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறேன். கல்லூரியில் படித்தபோது மூன்று வருடம் குத்துச்சண்டை ஆடினேன். ஆடினேன் என்பதைவிட விழுந்தேன் என்பதே பொருத்தம். விழுந்து கிடந்து மேலே பார்த்தால், ஒருவர் குனிந்து நின்று விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருப்பார். இந்த விளையாட்டில் அடிபடாமல் நிற்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான், நானும் அந்த ஆளாகிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பிறகு தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி, பதினைந்து வருடமாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறேன். இப்போது அடி விழுவதில்லை. திட்டு மட்டும்தான்.

தெரியாதவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் அடி வாங்கி விழுந்தால், அடித்தவர் எதிர் மூலைக்குப் போய் நின்றுகொள்ள வேண்டும். நடுவர் வினாடிக்கு ஓர் எண்ணாக எண்ணுவார். விழுந்தவர் உடனே துள்ளி எழுந்துவிட்டாலும் எட்டு வரை எண்ணிய பிறகே ஆட்டத்தைத் தொடர விட வேண்டும். பத்து சொல்வதற்குள் எழவில்லை என்றால் ஆட்டம் முடிந்தது. இது தவிர, இவருக்கு இனிமேல் தாங்காது என்று தோன்றினால் நடுவர் எந்த நேரத்திலும் ஆட்டத்தை நிறுத்திவிடலாம். எழுதி வைத்தால் அரைப் பக்கம் வராது. குத்துச்சண்டையில் நான் பார்த்த தகராறுகளில் முக்கால்வாசி இந்த அரைப் பக்கத்துக்குள்ளேதான் நடந்திருக்கிறது.

நிறுத்தினாலும் தகராறு, நிறுத்தாவிட்டாலும் தகராறு. ஒருமுறை பாலக்காட்டில், கல்பாத்தியைச் சேர்ந்த ஒரு வங்கி ஊழியரின் ஆட்டத்தை இரண்டாவது சுற்றில் நிறுத்தினேன். மூக்கில் ரத்தம். "எந்த ஊருங்க?" என்று கேட்டேன். "ஆமாம்" என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்? கையை உயர்த்தி நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினால், அவருடைய அம்மா வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். "ஏன் நிறுத்தினேள்? அவன் நன்னாத்தானே நின்னுண்டிருந்தான்! இன்னும் ரெண்டு குத்து வாங்கினா நான் ஆத்துல பாத்துக்க மாட்டேனா?" என்று கேட்டார். இதே அம்மா மூன்று மாதத்துக்கு முன் இதே மகனின் இன்னொரு ஆட்டத்தில், "நிறுத்தித் தொலையுங்கோளேன், கண் அவிஞ்சு போச்சா?" என்று கீழேயிருந்து கத்தியவர். பெற்ற வயிற்றோடு யார் வாதாடுவது?

ஆனால் நான் சொல்ல வந்தது கல்பாத்திக் கதை இல்லை. மாட்டுப்பட்டிக் கதை. அதற்கு முன்னால் என் வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்லக் கூடாது. முதல் பறையை, அதாவது எங்கள் பக்கத்து நெல் மரக்காலை, நிரப்பிக் கொட்டும்போது 'லாபம்' என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். லாபம், ரெண்டு, மூணு, நாலு. தொடக்கமே மங்கலமாக இருக்கட்டும் என்று யாரோ வைத்த வழக்கம். இப்போது அறுப்பது இயந்திரம், நிறுப்பது மின்தராசு. ஆனாலும் விதைநெல்லை மட்டும் நாங்கள் பறையால் அளந்துதான் கட்டி வைக்கிறோம். வருடத்தில் அந்த நாலு நாள் போதும், வாய் மறப்பதில்லை. தேங்காய் எண்ணினாலும் எனக்கு லாபம்தான், மாடிப்படி ஏறினாலும் லாபம்தான். ஒருமுறை காய்ச்சலுக்கு மாத்திரையை எண்ணி எடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, காச்சல் மாத்தரைலயும் லாபம் பாக்கறீங்களாக்கும்?" என்றாள்.

பெரிய போட்டிகளில் இதனால் தொல்லை இல்லை. அங்கே ஆங்கிலத்தில்தான் எண்ண வேண்டும். ஒன், டூ என்று ஆரம்பித்தால் என் வாய்க்கு நெல் ஞாபகம் வருவதில்லை. தமிழில் எண்ணும்போதுதான் ஆபத்து.

மூணாறுக்குப் பக்கத்து மாட்டுப்பட்டியில் நடந்தது தமிழ்ப் போட்டி மாதிரிதான். எங்கள் கிழக்குப் பாலக்காட்டு அணியும், இடுக்கி எஸ்டேட்டுகளின் அணியும். இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் எண்ணிக்கையும் தமிழில் இருக்கட்டும் என்று இரண்டு அணியும் ஒப்புக்கொண்டிருந்தன. ஒவ்வோர் எடைப் பிரிவிலும் ஜெயிப்பவருக்கு மாநிலப் பயிற்சி முகாமில் இடம். ஒரே ஓர் இடம்.

நாங்கள் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக வேனில் போய்ச் சேர்ந்தோம். நான் அதற்கு முந்தைய மூன்று நாளும் வீட்டில் விதைநெல் அளந்திருந்தேன். தோள்பட்டை வலி இன்னும் போகவில்லை. அணைக்குப் போகும் சாலையோரத்தில் ஓர் எஸ்டேட் மைதானம். நடுவில் மேடை கட்டிக் கயிறு இழுத்திருந்தார்கள். படகுக்குச் சீட்டுக் கிடைக்காத சுற்றுலாக்காரர்கள் மக்காச்சோளத்தைக் கடித்துக்கொண்டு வந்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கையில் தகர டப்பாக்கள், அதைத் தட்டக் கரண்டிகள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், நல்ல குளிர். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது எங்கள் அணியில் ஆட வந்த எங்கள் ஊர்ப் பெண்தான், அதுவும் தெரியாமல். அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவளுடைய அப்பாவும் நானும் ஒரே வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். டிராக்டர் ஓட்டுவாள், இடது கையால் இடி மாதிரி குத்துவாள். அன்றைக்குக் காலையில் எடை பார்க்கிற இடத்தில் என்னைக் கண்டதும் மைதானமே கேட்கிற மாதிரி, "மாமா! சாப்டீங்களா மாமா?" என்று கூப்பிட்டாள்.

எங்கள் பக்கத்தில் சொந்தமே இல்லாதவரையும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் கண்டக்டரும் மாமாதான், கால்நடை மருத்துவரும் மாமாதான். மலையில் இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? நான் திரும்புவதற்குள், "ரெஃப்ரி அந்தப் பிள்ளைக்கு மாமனாம்லா!" என்று ஒரு குரல் எழுந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நான் சிரித்துக்கொண்டே விளக்கினேன். விளக்க விளக்கச் சொந்தம் நெருங்கிக்கொண்டே வந்தது.

அதனால்தான் அவளுடைய ஆட்டத்துக்கு நான் நிற்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பீர்மேட்டில் இருந்து அரசுப் பேருந்தில் வந்திருந்த இன்னொரு நடுவர்தான் நிற்க வேண்டியது. அவர் தொடர்ந்து மூன்று ஆட்டத்துக்கு நின்றுவிட்டு, நாலாவதுக்கு ஏறும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறு ஆள் இல்லை. மலை அணியின் பயிற்சியாளரே, "பரவால்ல, நில்லுங்க. நியாயமா நின்னா யாரு நின்னா என்ன?" என்றார். அவர் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிறவர். தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்து, ஆளையும் அதே மாதிரி பார்க்கிற கண். நான் வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினேன்.

எங்கள் பெண்ணுக்கு எதிராக நின்றவள் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற பிரிவில் வேலை செய்கிறவள். இருபத்தாறு வயது. முகாமுக்கான இந்த ஆட்டத்துக்கு அவள் வருவது நாலாவது தடவை. முந்தின மூன்று தடவையும் இதே கடைசி ஆட்டத்தில் தோற்றுத் திரும்பியவள். கையில் துணி சுற்றிக்கொண்டே அவள் பயிற்சியாளரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "இந்தத் தடவையும் இல்லேன்னா விட்டுருதேண்ணே. ஃபேக்டரியில இனி லீவு கேக்க எனக்கு மூஞ்சி இல்ல." அழுகையாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது மாதிரிச் சொன்னாள்.

மூன்று சுற்று ஆட்டம். முதல் சுற்று மலைப் பெண்ணுக்கு, இரண்டாவது எங்கள் பெண்ணுக்கு என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவதில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது எங்கள் பெண்ணின் இடது கை மலைப் பெண்ணின் விலாவுக்குக் கீழே இறங்கியது. அது ஒரு தனி அடி. வாங்கியவருக்குத் தலை தெளிவாக இருக்கும், கண் தெளிவாக இருக்கும், மூச்சு மட்டும் வராது. அவள் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பெண்ணை மூலைக்குப் போகச் சொல்லிவிட்டு நான் குனிந்தேன். தகர டப்பாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் முழங்கின. நேரம் பார்க்கிறவர் மேசையில் தட்டி வினாடியைச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்தில் அவர் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டதால் அவருக்கும் பாதிக்கு மேல் மேடை தெரியவில்லை. நான் விரலை நீட்டினேன். வாயைத் திறந்தேன்.

"லாபம்!"

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் பாதி எண்ணிக்கையில் நிறுத்தித் திருத்த முடியாது. ரெண்டு, மூணு என்று மேலே போனேன். அவள் தலை ஆடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு மூச்சுக்காகக் காத்திருந்தாள். ஏழு. எட்டு. கையை ஊன்றினாள். நான் பத்து சொன்னபோது அவளுடைய முழங்கால் தரையை விட்டு எழுந்திருந்தது, ஆனால் அவள் முழுதாக நிமிரவில்லை. நான் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டம் முடிந்தது என்று காட்டினேன். டப்பாச் சத்தம் சட்டென்று நின்றது.

கொழுந்து நிறுக்கிறவர் மேடைக்கு வரவில்லை. நேராக மேல்முறையீட்டு மேசைக்குப் போனார். அங்கே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற மலையாளி உடற்கல்வி ஆசிரியர், அமைதியான மனிதர். பக்கத்தில் ஒரு டாக்டரம்மா. இன்னொருவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார், கடைசிவரை தலையைத் தூக்கவில்லை.

"ரெஃப்ரி ரெண்டுல இருந்துதான் எண்ணியிருக்காரு சார்," என்றார் பயிற்சியாளர். "ரெண்டுல ஆரம்பிச்சுப் பத்து வரைக்கும் எத்தன நம்பரு? ஒம்பது. எங்க பிள்ளை ஒம்பதுலயே எந்திச்சிட்டா. அம்புட்டுதான் கணக்கு."

தலைவர் என்னைப் பார்த்தார். "லாபமோ? அதேது நம்பரா?"

"லாபம்னா ஒண்ணுங்க சார்," என்றேன்.

"எந்த ஊர்ல?" என்றார் பயிற்சியாளர்.

"எங்கூர்லீங்க."

"ஆட்டம் எங்க ஊர்லல்லா நடக்கு?"

எங்கள் வேனில் வந்த ஆறு விவசாயிகள் இதற்குள் மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள். லாபம் என்றால் ஒன்றுதான் என்று ஆறு பேரும் சத்தியம் பண்ணினார்கள். "பொறந்த கொழந்தையக் கேட்டாலும் சொல்லுமுங்க," என்றார் ஒருவர். லயன் வீட்டுப் பெண் ஒருத்தி கரண்டியை நீட்டி, "எரியுற வீட்டுல புடுங்குனது லாபம்பாக. இங்க அடிபட்டு விழுந்தவகிட்டயே லாபம் பாக்காக!" என்றாள். கூட்டம் ஓவென்று சிரித்தது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பதினைந்து வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற நடுவனை ஒரு கரண்டி கேள்வி கேட்கிறதே என்று இருந்தது.

பயிற்சியாளர் மட்டும் சிரிக்காமல் பேசினார். "சார், நாங்க கொழுந்து நிறுக்கையில மொதல்ல கூடைக்கும் ஈரத்துக்கும் கழிவு போட்டுட்டுத்தான் ஆரம்பிப்போம். இவுக லாபத்துல ஆரம்பிக்காக. கழிவுல ஆரம்பிக்கவன்கிட்ட லாபத்தச் சொன்னா எப்படி வெளங்கும்?"

அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

அப்போதுதான் சேலத்தில் இருந்து சுற்றுலா வந்த ஒருவர், மக்காச்சோளத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். மேடைக்குப் பக்கத்தில் நின்று முழு ஆட்டத்தையும் போனில் எடுத்திருக்கிறார். தலைவர் போனை வாங்கினார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று யாரோ அதை ஒலிபெருக்கி மைக்குக்கு நேரே பிடித்தார்கள். மாட்டுப்பட்டி அணை வரைக்கும் என் குரல் கேட்டிருக்கும். "லாபம்! ரெண்டு! மூணு!" எங்கள் ஆட்களும் சேர்ந்தே சிரித்தார்கள். "ஒன்னுகூடி," என்றார் தலைவர். மறுபடியும் லாபம். மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது தடவையும் போட்டார்கள்.

முதல் இரண்டு தடவையும் எல்லோரையும் போல நானும் லாபத்தை மட்டும்தான் கேட்டேன். மூன்றாவது தடவை, அவமானத்தில் தலை குனிந்து நின்றதாலோ என்னவோ, கடைசி வரைக்கும் கேட்டேன். "ஏழு. எட்டு. ஒம்பதுபத்து."

ஒன்பது, பத்து என்று இல்லை. ஒம்பதுபத்து.

எனக்கு உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் அதுவும் என் வீட்டுப் பழக்கம்தான். பத்தாவது பறைக்கு ஓர் ஈர்க்குச்சியை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். குச்சிக்காக இன்னொரு கை போக வேண்டியிருப்பதால் ஒன்பதையும் பத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். மூன்று நாள் அப்படியே சொல்லிச் சொல்லி வந்த வாய். ஆனால் நெல்லுக்கு வினாடிக் கணக்கு கிடையாது. விழுந்து கிடப்பவருக்கு உண்டு. அவளுக்கு ஒரு வினாடி குறைந்துபோயிருந்தது. அந்த ஒரு வினாடி இருந்திருந்தால் அவள் நிமிர்ந்திருப்பாள்.

தலைவர் போனைக் கீழே வைத்தார். "லாபம்னு பறஞ்சது ஒன்னு தன்னே. பரம்பரையாயிட்டு உள்ள வழக்கம்னு இவர் எல்லாவரும் சொல்றாங்க. நம்பர் பத்தும் இருக்கு. மதி," என்று அவருடைய கலப்புத் தமிழில் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். போதும், விசாரணை முடிந்தது என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். எழுதுகிறவர் தாளைத் திருப்பி அவரிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

என் பக்கம் ஜெயித்துவிட்டது. எங்கள் பெண்ணுக்கு முகாமில் இடம், எனக்கு ஊரில் மரியாதை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். யாருக்கும் தெரியாது. எல்லாக் காதும் லாபத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது. என் வாய் செய்த ஒரு தப்பு இன்னொரு தப்பை நன்றாக மறைத்துக்கொண்டு நின்றது. நான் நல்லவன் என்று காட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தலைவர் பேனா மூடியைக் கழற்றி, பேனா எழுதாமல் உதறி, மறுபடியும் உதறுகிற வரைக்கும் நான் சும்மாதான் நின்றேன். வாய்க்கால் ஞாபகம் வந்தது. ஊருக்குத் திரும்பி எந்த முகத்தோடு தண்ணீர் பாய்ச்சுவது என்று நினைத்தேன்.

பிறகு மலைப் பெண்ணைப் பார்த்தேன். அவள் புல்லில் உட்கார்ந்து, கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, மடிப்புக் கலையாமல் சுருட்டிக்கொண்டிருந்தாள். தீர்ப்பு என்ன என்று கேட்கக்கூட வரவில்லை. சுருட்டி முடித்ததைப் பைக்குள் அடியில் வைத்துவிட்டு, அதன் மேல் தொழிற்சாலைச் சீருடையை வைத்தாள்.

"சார், ஒரு நிமிஷமுங்க," என்றேன்.

"இனி எந்தா?" என்றார் தலைவர்.

"லாபத்துல தப்பில்லீங்க. தப்பு கடைசீல இருக்குதுங்க. ஒம்பதும் பத்தும் ஒட்டிப் போச்சு. அந்தப் புள்ள எந்திரிக்கறப்ப ஒம்பதுதான் ஆகியிருக்கோணும். நாந்தானுங்க அவசரப்பட்டுட்டன்."

தலைவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, போனை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். டாக்டரம்மாவும் குனிந்து பார்த்தார். எட்டு வரைக்கும் வினாடி சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. "சரிதான்," என்று ஒரு வார்த்தை சொன்னார். எங்கள் ஆறு விவசாயிகளும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வரப்பை வெட்டினவனைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

டாக்டரம்மா மலைப் பெண்ணைச் சோதித்துவிட்டு, தலையில் அடியில்லை, மூச்சு சரியாகிவிட்டது, ஆடலாம் என்றார். மீதமிருந்த அந்த ஒரு நிமிடத்தை மட்டும் அரை மணி நேரம் கழித்து ஆட வேண்டும் என்று தலைவர் முடிவு செய்தார். விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. பீர்மேட்டுக்காரர் கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு நடுவராக ஏறினார். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, நடுவர் நாற்காலியில் உட்காராமல், வேடிக்கை பார்க்கிறவனாகப் பார்த்தேன்.

அந்த மாதிரி ஒரு நிமிடத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் பின்வாங்கவே இல்லை. டப்பாவைத் தட்டுகிறவர்கள் தட்ட மறந்துவிட்டார்கள். மணி அடித்தபோது இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். புள்ளி போடுகிற ஐந்து பேரில் மூன்று பேர் மலைப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். நடுவர் அவள் கையைத் தூக்கியபோது, இவ்வளவு நேரம் கல் மாதிரி இருந்தவள் சத்தம் போட்டு அழுதாள். அவளுடைய பையைத் திறந்து அந்தச் சீருடையை யாரோ எடுத்து மேலே வீசினார்கள். அது கயிற்றில் மாட்டிக்கொண்டு ஆடியது.

கொழுந்து நிறுக்கிறவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். "லாபம் அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சிட்டுத்தான் போணும்," என்றார். அந்தப் பெயர் அங்கேயே நிலைத்துவிட்டது. இப்போதும் மூணாறு பக்கம் போனால், என் சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மூன்று டீ குடித்தேன். ஒன்றுக்கும் காசு வாங்கவில்லை.

திரும்பி வருகிற வேன்தான் கொடுமை. எங்கள் பயிற்சியாளர் முன்சீட்டில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். பின்னால் யாரோ, "உண்ட ஊட்டுக்கே ரெண்டகம்" என்று என் காதில் விழுகிற அளவுக்கு முணுமுணுத்தார்கள். வெள்ளைச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். யாருக்கும் தெரியாத ஒன்றை நானாகச் சொன்னேன் அல்லவா? என்னை மாதிரி எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மறையூர் தாண்டியதும் எங்கள் பெண் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. கையில் ஒரு கரும்புத் துண்டு.

"தோத்தது நானு. நீங்க எதுக்குங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்க?" என்றாள்.

"உன்ற அப்பனுக்கு நான் என்னம்மிணி பதில் சொல்றது?" என்றேன். "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னிக்கு நீ முகாமுக்குப் போயிருப்ப. ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவள் கரும்பைக் கடித்து மென்று சக்கையை ஜன்னலுக்கு வெளியே துப்பினாள்.

"நா மூலைல நின்னு என்ன பண்ணிட்டு இருந்தன்னு நெனைக்கறீங்க? நானும் எண்ணிட்டுத்தானுங்க இருந்தன். நீங்க பத்து சொல்றப்ப எனக்கு ஒம்பதுதான் வந்துச்சு."

"அப்பறம் ஏன் நீ சொல்லுல?"

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மூணாவது தடவ போட்டப்ப உங்க மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுட்டன். சரி, சொல்றாரான்னு பாக்கலாம்னு உக்காந்துட்டன். அந்தத் தலைவரு கையெழுத்துப் போட்டிருந்தாருன்னா நானே போயிச் சொல்லியிருப்பனுங்க."

இவ்வளவுதான் சொன்னாள். பாதிக் கரும்பை ஒடித்து என் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். வண்டி சின்னார் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தலைவர் பேனாவை உதறிக்கொண்டிருந்த நேரத்தை நான் மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். எனக்கு நேர் எதிரே ஒரு பெஞ்சில், கையுறையைக் கழற்றாமல், அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.